நெல்லுக்கு மூச்சு முட்டாதா?

தை மாதம் சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயாத வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டாவில் வழக்கம். நெல் தாளுக்கு நடுவே அது முளைத்து வரும். அந்த நேரம் பார்த்து ஒரு மழை கொட்டி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் போச்சு. உளுந்து மஞ்சளடித்து அழுகிவிடும். அதே மண்ணில் நெல் மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நின்றதே, அதற்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

வேர் அழுகிவிட்டது என்போம். உண்மையில் அதற்கு முதலில் மூச்சு முட்டியது. அழுகல் பிறகு வந்தது. செடி ஆக்சிஜனை வெளியே விடும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். செடியின் உயிருள்ள ஒவ்வொரு செல்லும் நம்மைப்போலவே இரவு பகல் பாராமல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்ற மறுபாதி மறந்துபோகிறது. இருட்டில் கிடக்கும் வேரில் ஒளிச்சேர்க்கை கிடையாது. மண் இடுக்குகளில் இருக்கும் காற்றுதான் அதற்கு ஆதாரம். ஆக்சிஜன் இல்லாமலும் சர்க்கரையை உடைக்கலாம், கள் புளிக்கும்போது ஈஸ்ட் செய்வதுபோல. ஆனால் அதில் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான். அதை வைத்து உளுந்து எத்தனை நாள் காலம் தள்ளும்?

தண்ணீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கிறதே, மீன் வாழவில்லையா? சரி, மீன் செவுள் வழியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சேற்றுக்குள் இருக்கும் நீரோ அசையாது. ஆக்சிஜன் தானாக ஊர்ந்து பரவ வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். கொஞ்சநஞ்சம் இறங்குவதையும் நுண்ணுயிர்கள் வழியிலேயே தீர்த்துவிடும்.

நம் மண்ணும் லேசுப்பட்டதல்ல. ஒரு பாட்டிலில் வயல் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். துகள் பத்து மடங்கு சிறுத்தால் படியும் வேகம் நூறு மடங்கு குறையும். குடகில் புறப்பட்ட காவிரி சமவெளியில் வேகம் குறையும்போது நடப்பதும் இதுதான். மணல் முன்னதாகவே தங்கிவிட, களி வெகுதூரம் வந்து வயலில் படிகிறது. களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அவற்றின் இடுக்குகளும் அதற்கேற்ப நுண்ணியவை என்பதால் தண்ணீர் சுலபத்தில் கீழே இறங்காது. போதாததற்குத் தண்ணீர் கட்டிச் சேறாகத் தொளி உழுது, பரம்படித்துச் சமப்படுத்தி, மிச்ச இடுக்கையும் நாமே அடைக்கிறோம். தண்ணீர் நிற்க அது வேண்டும்தான், வேருக்குத்தான் திண்டாட்டம்.

நெல் இதைச் சமாளிக்கும் விதம் எனக்கு அலுக்காத விஷயம். அது குழாய் போட்டுக்கொள்கிறது. வேருக்குள் ஒரு பகுதி செல்கள் தாமாகவே செத்து, அந்த இடம் காற்றறையாகிறது. இலையிலிருந்து தாள் வழியாக வேர்நுனி வரை இப்படிக் காற்றுக்கு வழி இருக்கிறது. தாமரைத் தண்டை ஒடித்தால் தெரியும் துளைகளும் இதே ஏற்பாடுதான். காற்று நடுவழியில் சேற்றுக்குள் கசிந்துவிடாதபடி வேரின் வெளிப்புறத்தில் ஒரு தடுப்பும் உண்டு. நுனிப்பக்கம் மட்டும் கொஞ்சம் கசியும். அந்த ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து துருவாகிறது. கறுத்த சேற்றிலிருந்து நெல்லைப் பிடுங்கி அலசினால் வேர் செம்பழுப்பாகத் தெரிவது அதனால்தான்.

ஆனால் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். கார்த்திகை மழையில் இளம்பயிர் முழுதாக மூழ்கினால்? நெல் இலையை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், வெள்ளிபோல மின்னும். இலையில் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப்படலம் அது. அந்தப் படலம் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். பல ரகங்கள் மூச்சுக்காக நீளமாக வளர முயன்று, கையிருப்பு மாவுச்சத்தைச் செலவழித்துச் சோர்ந்துவிடும். டெல்டாவில் பயிராகும் சி.ஆர்.1009 சப்-1 என்ற ரகம் வேறு மாதிரி. அதிலுள்ள மரபணு வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. இரண்டு வாரம் வரை அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் பயிர் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணம் ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து வந்தது. காட்டுயானம் போன்ற பழைய நெல் ரகங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து தலையை வெளியே வைத்துக்கொள்ளும்.

அப்புறம், இந்தக் குழாய் ஒருவழிப் பாதை அல்ல. வயலில் இறங்கும்போது காலடியில் குமிழி வருமே, அதில் மீத்தேன் இருக்கிறது; காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனில் பெரும்பகுதி குமிழியாக வராமல், நெல்லின் காற்றுக்குழாய் வழியாகவே சத்தமில்லாமல் மேலே போகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கெட்டிக்கார வாயு. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால், காயும் நாட்களில் மண்ணுக்குள் காற்று புகுந்து அந்த நுண்ணுயிர்கள் அடங்கும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதற்குள் தெரியும் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சினால் போதும், விளைச்சல் குறையாது என்கிறார்கள். பம்புசெட்டுக்காரர் செய்யலாம். முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் வரும் கடைமடைக்காரர், வந்த அன்று மடையைத் திறக்காமல் இருப்பாரா?