எடைக் கோப்பு கணக்கில் ஏறும் முன்

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலை கொள்முதல் நிலையத்தில் எடை போடப்பட்டதும் ரசீது எண், அங்கத்தினர் எண், ஊர், தேதி, மொத்த எடை, ஈரத்துக்குக் கழித்த எடை, நிகர எடை என்று பதிவாகிறது. கோத்தகிரி வட்டாரத்தில் நான் பராமரிக்கும் மென்பொருள்களில் இந்தப் பதிவுகள் அனைத்தும் எக்ஸ்எம்எல் கோப்புகளாகவே (ஒவ்வொரு விவரத்தையும் அதன் பெயர் தாங்கிய குறிச்சொற்களுக்கு இடையே எழுதும் வடிவம்) தொழிற்சாலைக்குச் செல்கின்றன. மாத இறுதியில் பட்டுவாடா ஆகும் தொகையும் அவற்றிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. கோப்பில் ஒரு வரி விடுபட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உழைப்பு விடுபடுகிறது. ஆகவே, கோப்பைக் கணக்கில் ஏற்றுவதற்கு முன்பே பைதான் மொழியில் எழுதிய நிரல் கொண்டு சரிபார்த்துவிட வேண்டும் என்று இந்தத் துறையில் இருப்பவர்களிடம் வலியுறுத்த விரும்புகிறேன்.

கோப்பு திறந்துவிட்டது என்பதாலேயே அது சரியான கோப்பு ஆகிவிடாது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998இல் வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 வரையறையே குறிச்சொற்கள் ஒழுங்காகத் திறந்து மூடப்பட்டிருப்பதையும், ஆவணம் அதற்கென வகுத்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பைதானுடனேயே வரும் எலிமென்ட்ட்ரீ என்னும் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) முதலாவதை மட்டும் பார்க்கும். இரண்டாவதற்கு லிப்எக்ஸ்எம்எல்2 என்னும் அடிப்படை நூலகத்தின் மீது கட்டப்பட்ட எல்எக்ஸ்எம்எல் போன்ற நூலகம் தேவை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மின்சாரமோ சிக்னலோ போய், அனுப்பிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறுந்துபோவது உண்டு. அத்தகைய கோப்பைப் படிக்க மறுத்துப் பிழை காட்டுவதே முறை. வரையறையும் அதையே கட்டாயமாக்குகிறது. ஆனால் அந்தப் பிழைச் செய்தி தொந்தரவாக இருக்கிறது என்பதற்காகச் சிலர் ‘ரெக்கவர்’ என்னும் விருப்பத்தை இயக்கிவிடுகிறார்கள். அதன்பின் திறந்து கிடக்கும் குறிச்சொற்களை நூலகம் தானே மூடிக்கொள்கிறது, பிழை மறைகிறது, அறுந்த இடத்துக்குப் பின்னால் இருந்த விவசாயிகளும் கணக்கிலிருந்து மறைந்துபோகிறார்கள். பணம் சம்பந்தப்பட்ட எந்தக் கோப்புக்கும் இந்த விருப்பத்தை இயக்கவே கூடாது. கோப்பின் தலைப்பகுதியிலேயே வரிகளின் எண்ணிக்கையையும் கூட்டுத் தொகையையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அறுந்தாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது எக்ஸ்எஸ்டி ஸ்கீமா, அதாவது கோப்பில் எது எந்த வடிவில் வரலாம் என்ற இலக்கணத்தை எழுதிவைக்கும் கோப்பு. எடையைத் தசம எண் என்று அதில் அறிவித்துவிட்டால், ‘41,5’ என்று காற்புள்ளியிட்டு எழுதியதும், ‘41.5 கிலோ’ என்று அலகைச் சேர்த்து எழுதியதும், <எடை></எடை> என்று வெறுமையாக விட்டதும் வாசலிலேயே நின்றுவிடும். 05/06/2024 என்ற தேதி ஜூன் மாதமா மே மாதமா என்ற குழப்பத்துக்கும் இடமிருக்காது. ஸ்கீமாவின் தேதி வகை 2024-06-05 என்ற வடிவத்தை மட்டுமே ஏற்கும். ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்னும் தனித்தன்மை விதியை ரசீது எண்ணுக்கு வையுங்கள், அங்கத்தினர் எண்ணுக்கு வைக்காதீர்கள். ஒரே நாளில் காலையிலும் மாலையிலும் இலை கொண்டுவருபவர் தவறு செய்தவர் அல்லர்.

தமிழில் எழுதப்பட்ட கோப்புகளுக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஆங்கிலக் கையேடுகளில் இவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஊர்ப் பெயர்களை ஸ்கீமாவில் பட்டியலிட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘கோத்தகிரி’ என்பதன் முதல் எழுத்தைக் ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு இரண்டையும் சமமாகக் கருதினாலும், ஸ்கீமா குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதால் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடும். பிழைச் செய்தியில் ‘கோத்தகிரி பட்டியலில் இல்லை’ என்று வரும்போது, பட்டியலில் கண்ணெதிரே அந்த ஊர் இருக்கும். கோப்பைப் படித்தபின், சரிபார்ப்புக்கு முன், எல்லா உரையையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றிக்கொள்வதே இதற்குத் தீர்வு. ஸ்கீமாவில் உள்ள பட்டியலும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும். நீள வரம்பிலும் கவனம் வேண்டும். நமக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் ‘கோத்தகிரி’, அந்த வடிவத்தில் ஒன்பது குறிகள். ஸ்கீமா ஒன்பது என்றே எண்ணும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடப்பதால், உரை வகைச் சோதனையில் அது எளிதாகத் தேறிவிடும். யூனிகோடின் தமிழ்த் தொகுதி எழுத்துகளும் இடைவெளியும் புள்ளியும் மட்டுமே வரலாம் என்று ஸ்கீமாவில் ஓர் அமைப்பு விதி எழுதினால் அதுவும் பிடிபடும். கோப்பை எழுத்துச் சரமாக மாற்றாமல், சேமித்துள்ளபடி பைட்டுகளாகவே நூலகத்துக்குக் கொடுங்கள். குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) அறிவிக்கப்பட்ட சரத்தை எல்எக்ஸ்எம்எல் ஏற்பதில்லை.

மொத்த எடையிலிருந்து கழிவு போக நிகர எடை வருகிறதா, வரிகளின் கூட்டல் தலைப்பில் உள்ள தொகையுடன் ஒத்துப்போகிறதா என்பவற்றை லிப்எக்ஸ்எம்எல்2 ஆதரிக்கும் எக்ஸ்எஸ்டி 1.0 பார்க்க இயலாது. அதன் பிந்தைய பதிப்பான எக்ஸ்எஸ்டி 1.1இலோ, ஸ்கீமட்ரான் என்னும் வேறொரு விதிமொழியிலோ எழுதலாம். என்னைக் கேட்டால், பைதானிலேயே சில வரிகளில் எழுதிவிடுவது பின்னால் வருபவருக்குப் புரியும். பின்னங்களைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் எண் வகையில் 0.1உம் 0.2உம் கூடினால் சரியாக 0.3 வராது என்பதால், தசம எண்களை அப்படியே வைக்கும் டெசிமல் வகையையே பயன்படுத்த வேண்டும். வெளியிலிருந்து வரும் கோப்பு என்பதால் என்டிட்டிகளை (நீண்ட உரைக்குப் பதிலாக நிற்கும் சுருக்கப் பெயர்களை) விரிக்கும் வசதியையும் நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறு கோப்பொன்றே கணினியின் நினைவகத்தை நிரப்பிவிடக்கூடும்.

நூலகம் தரும் பிழைப் பட்டியலில் வரி எண்ணும் ஆங்கிலச் செய்தியும் இருக்கும். அதை அப்படியே கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பினால் எடை போடுபவருக்குப் பயன்படாது. ‘ரசீது 118, நிகர எடை காலியாக உள்ளது’ என்று தமிழில் மாற்றி, எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில், அன்றைக்கே அனுப்புங்கள். இலை கொண்டுவந்தவரும் எடை போட்டவரும் அன்றைய எடையை மறந்திருக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.