காரங்காட்டில் துடுப்புப் போடுமுன்: அலையாத்தி மரம் எப்படி மூச்சு விடுகிறது?

'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்ற மிரட்டலைக் கேட்டால் பலருக்கும் முதலில் நினைவு வருவது ராமநாதபுரம். அதே மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில், அலையாத்தி (மாங்குரோவ்) மரங்கள் நிறைந்த ஒரு காடே தண்ணீரில் நிற்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. வனத்துறை ஏற்பாட்டில் ஊர் மக்கள் அங்கே படகு சவாரியும் கயாக் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) சவாரியும் நடத்துகிறார்கள். ஒரு நாள் அங்கே கழிக்கப் போகிறீர்கள் என்றால், கிளம்புமுன் ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி வற்றுவதைத் தெரிந்துகொள்ளுங்கள். கயாக்கைச் சுமப்பதும் மரத்துக்கு மூச்சு கொடுப்பதும் அந்த ஓதம்தான்.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நிலா நாள்தோறும் பிந்தி எழுவதால் ஓதமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. பாக் நீரிணை ஆழமில்லாத, பாதி மூடிய கடல். அதனால் பெரிய ஓத நாளிலும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். இது அற்பம் என்று நினைத்துவிடாதீர்கள். அலையாத்திச் சேறு கிட்டத்தட்ட மட்டமான தரை. ஆயிரம் அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் ஓர் அடி வற்றினாலே ஆயிரம் அடி தூரம் சேறாகிவிடும்.

ஆகவே தண்ணீர் பாதி ஏறியிருக்கும்போது உள்ளே போங்கள், முழு ஏற்றத்தை ஒட்டித் திரும்பிவிடுங்கள். ஏறும் தண்ணீரில் தரைதட்டினால் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும், கயாக் தானே மிதக்கும். வற்றும் தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

இப்போது வேர்களைப் பாருங்கள். கால்வாயின் இருபுறமும் சேற்றிலிருந்து பென்சில்களைச் செருகி வைத்ததுபோல, ஒரு சாண் உயரத்துக்கு, ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். இவை புதுச் செடிகள் அல்ல, அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றுக்குள் கயிறுபோலப் படுத்து ஓடும் வேரிலிருந்து மேல்நோக்கி முளைத்தவை. நடுத்தர மரம் ஒன்றுக்கே பத்தாயிரத்துக்கு மேல் இருக்கலாம்.

சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. துடுப்பால் கிளறினால் அழுகிய முட்டை வாடை வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் கடல் நீரிலுள்ள சல்பேட்டை வைத்துப் பிழைக்கின்றன, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியே விடுகின்றன. அதற்குள் புதைந்திருக்கும் வேருக்குக் காற்று மேலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அது இறங்கும் விதம் அருமையானது. மூச்சு வேரின் தோலைக் கூர்ந்து பார்த்தால் சின்னச் சின்னக் கொப்புளம் போன்ற துளைகள் தெரியும். உள்ளே திசு பஞ்சுபோல, காற்று நிறைந்து இருக்கும். தண்ணீர் ஏறித் துளைகள் மூழ்கும்போது நீர் உள்ளே புகாது, காற்றும் போகாது. உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வேர் செலவழித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடாக உண்டாகும் கார்பன் டை ஆக்சைடோ நீரில் எளிதில் கரைந்துவிடும். ஆக, உள்ளே வாயு குறைகிறது, அழுத்தம் தாழ்கிறது. தண்ணீர் வற்றித் துளை வெளியே வந்ததும் புதுக் காற்று உறிஞ்சப்பட்டு இறங்குகிறது. சுருங்கச் சொன்னால், ஓதம்தான் அந்த மரத்தின் துருத்தி. 1955-இல் ஷொலாண்டர் என்ற உயிரியல் ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இந்த அழுத்த மாற்றத்தை அளந்து காட்டினார்கள். வேறொரு அலையாத்தி இனத்தில் துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்தபோது, சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் மளமளவென்று சரிந்தது.

மூச்சு வேர்த் திட்டின் மேல் கயாக்கை ஏற்றக் கூடாது என்று சொல்வது இதனால்தான். நுனி முறிந்தால் ஒரு மூக்கு போனதாக அர்த்தம்.

அடுத்தது உப்பு. கடல் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அலையாத்தி வேர் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வீட்டு ஆர்.ஓ. மெஷின் செய்யும் அதே வேலை இது. இதே மாவட்டத்து நரிப்பையூரில் கடல் நீரைக் குடிநீராக்க நிறுவிய ஆலையும் இதே விதியில் அமைந்ததுதான். அங்கே பம்பு தள்ளுகிறது, இங்கே வெயிலில் நீரை ஆவியாக்கும் இலை இழுக்கிறது. கடல் நீரிலிருந்து நல்ல நீரைப் பிரிக்கக் குறைந்தது 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். கார் டயரில் அடைக்கும் காற்றைப்போலப் பத்து மடங்குக்கு மேல்! சத்தமே இல்லாமல் ஓர் இலை அதைச் செய்கிறது.

மிச்சமாக உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். ஓர் இலையைப் பறிக்காமல், தண்ணீர் தெளிக்காத உயரத்தில், விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். காலையில் ஈரப் பிசுபிசுப்பாக இருப்பது உச்சி வெயிலில் வெள்ளைப் பொடியாகிவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான்.

வேர் தடுத்த உப்பு வேரடியிலேயே தங்கும். அதைக் கழுவிக்கொண்டு போவதும் ஓதமே. ஓதம் எட்டாத பள்ளத்தில் நீர் தேங்கிக் காய்ந்தால் உப்பு ஏறி மரம் பட்டுப்போகும். அலையாத்தி நடும் இடங்களில் மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டுவது இதற்காகத்தான்.

நமக்கு அந்த வடிகட்டி கிடையாது. நம் சிறுநீரகம் வெளியேற்றும் சிறுநீரில் உப்பின் செறிவு கடல் நீரைவிடக் குறைவுதான். கடல் நீர் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற உடம்பு தன் நீரையும் சேர்த்து இழக்கும். வெயிலில் துடுப்புப் போட்டால் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கும். ஆளுக்கு 2 லிட்டராவது குடிநீர் வேண்டும், பாட்டிலைக் கயாக்கோடு கட்டிவிடுங்கள்.

துடுப்பைக் கையால் இழுப்பவர்களுக்கு அரை மணி நேரத்தில் தோள் விட்டுப்போகும். இடுப்பைத் திருப்பி, துடுப்பின் தட்டையான முனையைப் பாதத்துக்குப் பக்கத்தில் நீரில் இறக்கி, இடுப்பருகே எடுங்கள். திரும்ப வேண்டுமா? எதிர்ப்பக்கம் அகலமாக அரைவட்டம் போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை ஏறக் கூடாது. ஏறினால் வாரை இறுக்குங்கள்.

கயாக் தட்டினாலும் இறங்காதீர்கள். சேறு முழங்கால்வரை வாங்கும், வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடுபோலக் கிழிக்கும். கால் புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பாதத்தின் கீழே வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுகப் பிடிக்கும். கயாக்கின் மேல் உடம்பைச் சாய்த்து எடையை அதற்குக் கொடுங்கள். காலை மெல்ல ஆட்டிப் பக்கவாட்டில் நீர் புக விட்டால் பிடி தளரும்.

கச்சான் காற்றுக் காலத்தில் கழிமுகத்தைத் தாண்டாதீர்கள். கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று அது. கரையோரம் அலையே இல்லாமல் குளம்போல இருக்கும், போகும்போது சுகமாகத் தள்ளிவிடும். திரும்பும்போது முழுக் காற்றும் முகத்தில் அடிக்கும்.

உள்ளே இருக்கும்போது ஓரத்து வேர்களில் ஒரு கண் இருக்கட்டும். மூழ்கிக் கிடந்த நுனிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கினால் தண்ணீர் வற்றுகிறது, மரம் மூச்சிழுக்கிறது. அப்போதே கயாக்கைத் துறைப் பக்கம் திருப்பிவிடுங்கள்.