பி.எச்.: கார அமில நிலையா, களர் அமில நிலையா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மதில் ஓரமாக நான்கு இட்லிப்பூச் செடிகள் நிற்கின்றன. சங்கப் பாட்டில் வரும் வெட்சியின் சொந்தக்காரச் செடி. சில வருஷங்களுக்கு முன் அவற்றின் இளம் இலைகள் மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். வந்த தாளில் 'களர் அமில நிலை: 8.1' என்று இருந்தது. மண் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். எண்ணைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். முதல் சொல் மட்டும் மனதில் பதிய, உரக்கடைக்குப் போய் "எங்க வீட்டு மண் களர் மண்ணாம்" என்றேன். கடைக்காரர் ஜிப்சம் கொடுத்தார். களர் நிலத்துக்கு ஜிப்சம் சரியான மருந்துதான். ஆனால் எங்கள் மண் களர் இல்லை. செடிகள் இன்னும் ஒரு வருஷம் மஞ்சளாகவே நின்றன. அதற்கு அப்புறம்தான் இந்தச் சொற்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பி.எச். என்ற குறியீட்டை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியலாளர் ஸோரன்சென். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். கரைசலுக்கு அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியின் அளவு 0.0000001 போன்ற எண்ணாக வரும். அதை ஒவ்வொரு தடவையும் எழுத முடியாது. பத்தின் அடுக்காக எழுதி, கழித்தல் குறியை விட்டுவிட்டு, அந்த அடுக்கில் உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார். மேலே சொன்ன எண்ணுக்கு அது 7. எச் என்பது ஹைட்ரஜன். பி எந்தச் சொல்லின் முதலெழுத்து என்று அவர் தெளிவாக எழுதி வைக்கவில்லை. ஜெர்மனில் 'பொட்டென்ஸ்', பிரெஞ்சில் 'புயிஸான்ஸ்' என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இரண்டுக்கும் கணக்கில் ஒரே பொருள்: அடுக்கு. எங்கள் ஊரில் பிரெஞ்சுவழி படிக்கும் பிள்ளைகள் இதை 'பே ஆஷ்' என்பார்கள். எழுத்து அதேதான், ஒலிதான் வேறு.

எண் அடுக்கில் வருவதால் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 7 நடுநிலை, அதற்கு மேலே காரம். 6 என்றால் பத்து மடங்கு, 5 என்றால் நூறு மடங்கு. எண் குறையக் குறைய அமிலம் கூடும். இந்தத் தலைகீழ்க் கணக்கு காரணமாகவே பி.எச்.சை 'ஹைட்ரஜன் அயனிச் செறிவு' என்று மொழிபெயர்ப்பது தப்பு. செறிவு என்றால் எண் கூடும்போது பொருளும் கூட வேண்டும். எழுத்துக்கு எழுத்து தமிழாக்க வேண்டுமானால் 'ஹைட்ரஜன் அயனி அடுக்கு' பொருந்தும். தோட்டத்தில் நின்று யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பி.எச்.சுக்குப் புழக்கத்தில் மூன்று சொற்களைப் பார்க்கிறேன்: அமிலத்தன்மை, கார அமில நிலை, களர் அமில நிலை.

அமிலம் வடமொழி 'அம்ல' வழியாக வந்தது, புளிப்பு என்று பொருள். தனித்தமிழில் காடி என்பார்கள். புளித்த கஞ்சிக்கும் வினிகருக்கும் அதுதான் பழைய பெயர். பி.எச். முழுவதையும் 'அமிலத்தன்மை' என்று சொன்னால் அளவுகோலின் ஒரு பாதிக்கு மட்டும் பெயர் வைத்தது போல ஆகிவிடும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். 8.1 காட்டும் என் மதிலோர மண்ணில் எங்கே அமிலம்?

காரம் இன்னும் சிக்கலான சொல். 'க்ஷார' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். நம் நாக்குக்குக் காரம் என்றால் மிளகாய். வேதியியல் காரமோ சோப்பு மாதிரி கசக்கும், விரலில் வழுக்கும். சவுக்காரம், வெங்காரம் என்ற பெயர்களில் அந்தப் பொருள் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் முகம் மழித்தபின் தடவும் படிகாரம் தண்ணீரில் கரைந்தால் அமிலக் கரைசல்தான் தரும்! பழைய வழக்கில் காரம் என்பது கடுமையான உப்பு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இருந்திருக்கிறது போலும். பள்ளிப் பாடநூல்கள் அமிலத்துக்கு எதிரானது என்று அதன் பொருளை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டன. எனக்கு அது போதும்: 'கார அமில நிலை' என்றால் அளவுகோலின் இரண்டு பாதியும் பெயரில் வந்துவிடும்.

களர் நம் சொல், மிகப் பழையது. 'பயவாக் களரனையர் கல்லா தவர்' என்கிறது 406ஆம் குறள். ஒன்றும் விளையாத நிலத்துக்குக் களர் என்று பெயர். இன்றைய மண்ணியலில் அதற்குக் குறிப்பான பொருள் உண்டு: மண்துகளில் சோடியம் அதிகமாக ஒட்டி, பி.எச். 8.5ஐத் தாண்டி, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நின்று, காய்ந்தால் கல்லாக இறுகும் மண். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு தண்ணீர் விட்டு வடித்துவிடலாம். அதாவது களர் ஒரு நோயின் பெயர். அதைத் தூக்கி அளவுகோலின் பெயரில் வைத்தால், 7.8 என்று நல்லபடியாக இருக்கும் மண்ணும் களர்ப் பட்டம் வாங்கிவிடும். காய்ச்சல் இல்லாதவருக்கும் உடல் வெப்பத்தைக் 'காய்ச்சல் அளவு' என்று எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது.

பக்கத்திலேயே இன்னொரு சொல், உவர். உப்பு பூத்த மண். களரும் உவரும் சேர்த்தே பேசப்படுவதால் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறோம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலூர்க் கரையோர வயல்களில் ஏறியது கடல்நீர். கடல்நீரின் பி.எச். சுமார் 8.1தான், என் வீட்டு மண்ணின் எண்ணும் அதே. எண் ஒன்றாக இருந்தாலும் உப்பின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நிறம் மாறி பி.எச். காட்டும் சோதனைத் தாள் உப்பைக் காட்டாது. அதற்கு, உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துத்திறனைப் பார்க்க வேண்டும். மண் பரிசோதனை முடிவை விவசாயிக்குத் தர 2015இல் வந்த அரசின் மண்வள அட்டையில் இரண்டும் தனித்தனி வரியில் இருக்கின்றன. இரண்டையும் படியுங்கள்.

வீட்டில் பார்க்க விரும்பினால்: வேர் மட்டத்திலிருந்து, நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து நிழலில் உலர்த்தி, 20 கிராமுக்கு 50 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் கழித்துத் தாளையோ மீட்டரையோ வைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் தெருவில் அதுவே கரிப்பு, மண்ணுக்குப் பதில் தண்ணீரை அளந்ததாகிவிடும். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறும் திசை காட்டும்: அமிலத்தில் அடர் சிவப்பு, காரத்தில் பச்சை. எண் சொல்லாது.

நான் கடைசியில் செய்தது அதைவிட எளிது. காய்ந்த மண்மேல் கொஞ்சம் காடி, அதாவது வினிகர், ஊற்றினேன். நுரைத்தது. நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மதில் கட்டியபோது கொட்டிய சிமென்ட் இடிபாடு அடியிலேயே கிடந்திருக்கிறது. கார மண்ணில் இரும்பு கரையாமல் போகும், இட்லிப்பூ அதைத் தாங்காது. இடிபாட்டைத் தோண்டி எடுத்து, பண்ருட்டியில் அக்கா வீட்டுச் செம்மண்ணும் தொழுவுரமும் இட்டேன். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு, இலையில் தெளித்தேன். அடுத்து விட்ட தளிர்கள் பச்சையாக வந்தன.

உரக்கடையில் இப்போது 'களர்' என்று சொல்வதில்லை. "கார அமில நிலை 8.1, சுண்ணாம்பு மண்" என்கிறேன். ஜிப்சம் மூட்டைப் பக்கம் கடைக்காரர் கை போவதில்லை.