பிழைச்செய்தி போய்விட்டால் போதுமா? ஹாஸ்கெல் நிரலுக்கு உதவி கேட்பவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதுவதுதான் என் வேலை. வேலை நேரம் போக, திருநெல்வேலிப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகளும், ஜாவா, பைத்தானில் பழகிவிட்டு ஹாஸ்கெல் போன்ற ஃபங்ஷனல் மொழிகளுக்கு வரும் இளைஞர்களும் தங்கள் நிரலை அனுப்பி உதவி கேட்பார்கள். பேட்டை, வண்ணார்பேட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி என்று எங்கெங்கிருந்தோ வரும். ஆர்வத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்கிற முறையில்தான் சிக்கல். அதனால் பல நேரம் பிழைச்செய்தி மறைந்துவிடுகிறது, தப்பு நிரலுக்குள் அப்படியே தங்கிவிடுகிறது. கேட்டவருக்கு அது தெரிவதும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முக்கூடல் பக்கத்து மாணவி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். லேப்டாப் திரையை மொபைலில் எடுத்த படம். பிழைச்செய்தியின் கடைசி இரண்டு வரிகள் மட்டும் தெரிந்தன. கீழே, "அண்ணா, ஸ்லாஷ் போட்டா எரர் வருது. டிவ் போட்டா சரியாப் போகுதுன்னு கிளாஸ்ல ஒருத்தங்க சொன்னாங்க. போட்டுட்டேன், ஓடுது. அது சரியா?" என்று கேட்டிருந்தார்.

ஓடிய பிறகும் சரியா என்று கேட்டாரே, அது பெரிய விஷயம். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

"இது எதுக்கும்மா எழுதுத?" என்று கேட்டேன். அவருடைய அம்மா பீடி சுற்றுகிறார். தினமும் பீடிக்கடையில் கொடுக்கும் எண்ணிக்கையைப் போட்டால் வாரக் கூலி வர வேண்டும், பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நிரல் இரண்டே வரி. முதல் வரி வகை வரி, எந்த ரகத் தகவல் உள்ளே போய் எந்த ரகம் வெளியே வரும் என்று சொல்வது. இன்ட் என்றால் முழு எண், சம் என்றால் கூட்டுத்தொகை. இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன்:

கூலி :: [இன்ட்] -> இன்ட் -> இன்ட்
கூலி நாள்கள் விலை = சம் நாள்கள் / 1000 * விலை

கம்பைலர் (நிரலைச் சரிபார்த்துக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) சொன்னது இதுதான்: இன்ட்டுக்கு ஃபிராக்ஷனல் இன்ஸ்டன்ஸ் இல்லை, ஸ்லாஷைப் பயன்படுத்திய இடத்தில் இந்தச் சிக்கல் வந்தது. ஹாஸ்கெலில் ஸ்லாஷ் என்பது பின்னம் தாங்கும் எண்களுக்கு மட்டும் உரியது. இன்ட் முழு எண், பின்னம் தாங்காது. முழு எண்களை வகுக்க டிவ் தனியாக இருக்கிறது. ஆக, ஸ்லாஷை எடுத்துவிட்டு டிவ் போடு என்பது கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பிடித்தம் எல்லாவற்றையும் விட்டுவிடுவோம். ஆயிரம் பீடிக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வாரத்தில் 6,500 பீடி. கைக்கு வர வேண்டியது 1,950 ரூபாய். ஆனால் 6,500-ஐ 1,000-ஆல் டிவ் செய்தால் 6 தான் வரும், அரை ஆயிரம் போய்விடும். டிவ்வுக்கும் பெருக்கலுக்கும் ஒரே முன்னுரிமை, இடமிருந்து வலமாகப் போகும். அதனால் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பெருக்குகிறது: 6 தடவை 300, மொத்தம் 1,800. ஒரு பெண் உட்கார்ந்து சுற்றிய 500 பீடிக்கான 150 ரூபாய் எந்தச் சத்தமும் இல்லாமல் காணாமல் போயிற்று. கம்பைலருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. வகை சரி, இலக்கணம் சரி.

"6,500 பீடிக்கு அம்மா கையில எவ்வளவு வரும்?" என்று கேட்டிருந்தால் அவருடைய அம்மாவே வாய்க்கணக்காகச் சொல்லியிருப்பார். அந்த ஒரு எண் கேள்வியோடு வந்திருந்தால், டிவ் போடச் சொன்ன வகுப்புத் தோழரும் உடனே பிடித்திருப்பார்.

திருத்தம் சின்னதுதான். முதலில் பெருக்கு, கடைசியில் வகு: சம் நாள்கள் * விலை, அதற்குப் பிறகு டிவ் 1000. விலையைப் பைசாவில் வைத்துக்கொண்டால் சில்லறையும் தப்பாது. 6,543 பீடி, ஆயிரத்துக்கு 30,000 பைசா என்றால் 1,96,290 பைசா வரும், அதாவது 1,962 ரூபாய் 90 பைசா. இன்ட்டுக்குப் பதில் தசமப் புள்ளி எண்ணான டபிள் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். பணக்கணக்குக்கு அது வேண்டாம். 0.1-ஐயும் 0.2-ஐயும் டபிளில் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஹாஸ்கெலை வரிவரியாக உடனே ஓட்டிப் பார்க்க உதவும் ஜிஹெச்சிஐ-யைத் திறந்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஹாஸ்கெல்காரர்களிடையே "கம்பைல் ஆகிவிட்டால் வேலை செய்யும்" என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையும் உண்டு. வேறு மொழிகளில் ஓட்டும்போது வெடிக்கிற பல தப்புகளை இது முன்னாலேயே பிடித்துவிடும். ஆனால் நீங்கள் வகையில் எழுதிக் கொடுத்ததைத்தான் கம்பைலர் காக்கும். கூலி என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். உதவி செய்ய வருபவருக்கும் அதே கதைதான். எந்த வேலைக்காக எழுதுகிறீர்கள், எதைக் கொடுத்தால் எது வர வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். பிழை அதற்கு அப்புறம்.

இதே சிக்கலின் இன்னொரு வடிவம், உள்ளீடு வெளியீடு பற்றிய கேள்வி. ஸ்ட்ரிங் என்றால் வெறும் எழுத்துத்தொடர். கோப்பு மாதிரி வெளியிலிருந்து அதை வாங்கி வரும் செயலின் வகை ஐஓ ஸ்ட்ரிங். "ஐஓ ஸ்ட்ரிங்குக்குள்ள இருக்கிற ஸ்ட்ரிங்கை எப்படி வெளியே எடுக்கிறது?" புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு முறையாவது இதைக் கேட்பார்கள். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது கோப்பைப் படித்து வரிகளை எண்ணுவது மாதிரி ஏதோ ஒன்று. அதைச் சொன்னால், செயல்களை வரிசையாக எழுதும் டூ பிளாக்குக்குள் இடப்பக்க அம்புக்குறி போட்டுப் பெயர் கொடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் உள்ளே இருப்பதன் மேலேயே ஒரு ஃபங்ஷனை ஓட்டும் எஃப்மேப் போதும் என்று இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். சொல்லாமல் "வெளியே எடு" என்று மட்டும் கேட்டால், அன்சேஃப்பெர்ஃபார்ம்ஐஓ என்ற ஒன்றை யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வகை கச்சிதமாகப் பொருந்தும், பிழைச்செய்தி போய்விடும். ஆனால் அந்தக் கோப்பு எப்போது படிக்கப்படும், எத்தனை தடவை படிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் போய்விட்டது. பெயரிலேயே அபாயம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் அதன் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது, ஃபங்ஷனுக்கு மேலே வகை வரியை எழுதாமல் அனுப்பும் பழக்கம். "கம்பைலரே கண்டுபிடிச்சுக்குமே" என்பார்கள். கண்டுபிடிக்கும், ஆனால் உங்கள் மனதில் இருந்ததைக் கண்டுபிடிக்காது. சராசரி காணும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள்: சம் எக்ஸ்எஸ் / லெங்த் எக்ஸ்எஸ். எக்ஸ்எஸ் என்பது எண்களின் பட்டியல், லெங்த் அதன் நீளம். வகை வரி இல்லாவிட்டால், லெங்த் இன்ட் தருவதால் எல்லாமே இன்ட் என்று எடுத்துக்கொண்டு, இன்ட்டுக்கு ஃபிராக்ஷனல் இல்லை என்று ஸ்லாஷைக் கைகாட்டும். மேலே [டபிள்] -> டபிள் என்று ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது, டபிள் எதிர்பார்த்தேன், இன்ட் வந்திருக்கிறது, ஸ்லாஷின் இரண்டாவது ஆர்கியுமென்ட்டான லெங்த் எக்ஸ்எஸ்-ஸில்தான் சிக்கல் என்று இடத்தோடு சொல்லும். முழு எண்ணை வேறு எண் வகைக்கு மாற்றும் ஃப்ரம்இன்டக்ரல் அங்கே போட வேண்டும் என்பது அதைப் படித்தாலே புரியும். பாதிப் பேருக்கு இந்த ஒரு வரியோடு கேள்வியே தீர்ந்துவிடுகிறது.

என்ன எழுதுவது என்றே தெரியாத இடத்தில் ஓர் அண்டர்ஸ்கோரைப் போட்டு விடுங்கள். அந்த இடத்துக்கு என்ன வகை வேண்டும், பொருந்தக்கூடியவை எவை என்று கம்பைலரே சொல்லும். ஹூகிள் என்ற தேடுபொறியில் பெயர் தெரியாவிட்டாலும் வகையைக் கொடுத்துத் தேடலாம். ஏ-யில் இருந்து பி, ஏ-க்களின் பட்டியல், பி-க்களின் பட்டியல் என்று கொடுத்தால், பட்டியலில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப் வந்து நிற்கும். மனிதர்களிடம் கேட்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்து பார்த்து, என்ன வந்தது என்பதையும் சேர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

நிரலைப் போட்டோவாக அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லாத நாள் குறைவு. படத்தில் இருப்பதை நான் ஓட்டிப் பார்க்க முடியாது. ஹாஸ்கெலில் வரி எங்கே தொடங்குகிறது என்பதும் பொருளை மாற்றும், சாய்ந்த படத்தில் அது தெரியாது. வாட்ஸ்அப் செய்தியாக ஒட்டுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. டிவ்வின் இரண்டு பக்கமும் வரும் பின்சாய்ந்த ஒற்றைக்குறியை (பேக்டிக்) அது வடிவமைப்புக் குறி என்று நினைத்துத் திரையில் மறைத்துவிடும். நட்சத்திரக் குறிக்குத் தடித்த எழுத்து, அண்டர்ஸ்கோருக்குச் சாய்ந்த எழுத்து. அதனால் கோப்பாகவே அனுப்புங்கள். பிழைச்செய்தியையும் முழுதாக ஒரு கோப்பில் போட்டு அனுப்புங்கள். பத்து பிழை வந்திருந்தால் முதல் பிழையைப் பாருங்கள். பின்னால் வருபவை பல நேரம் அதன் வால்தான்.

நிரல் பெரிதாக இருந்தால் சிக்கல் வருகிற பகுதியை மட்டும் வெட்டித் தனியாக ஓட விடுங்கள். வெட்டும்போதே தப்பு கண்ணில் படுவது அடிக்கடி நடக்கும்.

"நிரல் மெதுவாப் போகுது, மெமரி எல்லாத்தையும் தின்னுது" என்று வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஹாஸ்கெல் ஒரு கணக்கை உடனே போடாது, தேவைப்படும்போதுதான் போடும். மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி வரிவரியாக எழுதிக்கொண்டே போய், கடைசியில் யாராவது கேட்கும்போதுதான் கூட்டும். ஒரு கோடி எண்களை, பட்டியலை ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஃபோல்ட்எல் வைத்துக் கூட்டினால் அத்தனை வரியும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் வைத்த ஃபோல்ட்எல் அப்போதைக்கப்போது கூட்டிவிடும். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆப்டிமைசேஷன் (நிரலை வேகப்படுத்தும் அமைப்பு) கொடுத்துக் கம்பைல் செய்தால் ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சியே பல நேரம் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். ஜிஹெச்சிஐ-யில் ஓட்டினால் செய்யாது. எப்படி ஓட்டினீர்கள் என்று சொல்லாமல் "மெதுவா இருக்கு" என்று மட்டும் சொன்னால், என் கணினியில் வேகமாகவே ஓடும், இருவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் ஒரு மாலை போய்விடும்.

பதிப்பு எண்ணும் அப்படித்தான். ஹாஸ்கெலின் முதல் வரையறை 1990-ல் வந்தது. அன்றிலிருந்து எழுதப்பட்ட பாடங்களும் குறிப்புகளும் இன்னும் கையோடு கை மாறிக்கொண்டிருக்கின்றன. 2015-ல் வந்த ஜிஹெச்சி 7.10-இல் இருந்து, ஒரு வகையை மோனாட் (செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க விடும் வகைகளின் கூட்டம்) என்று அறிவிக்க வேண்டுமென்றால் அது அப்ளிகேட்டிவ் என்ற இன்னொரு கூட்டத்திலும் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய பாடத்தில் இருந்து பார்சர் (எழுத்தைப் படித்துப் பிரிக்கும்) நிரலைப் பார்த்து எழுதும் பிள்ளைகள், எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதியும் அப்ளிகேட்டிவ் இன்ஸ்டன்ஸ் இல்லை என்ற பிழையில் மாட்டிக்கொண்டு, தங்களுக்கு இந்த மொழி வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, பாடம் பழையது. ஃபங்க்டர் (எஃப்மேப் வேலை செய்யும் வகைகளின் கூட்டம்), அப்ளிகேட்டிவ் இரண்டுக்கும் சில வரிகள் சேர்த்தால் ஓடும். இதை யாரும் சொல்லாததால் ஒதுங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

இப்போது பலரும் முதலில் ஏஐ-யிடம்தான் கேட்கிறார்கள். கேட்கலாம், தப்பில்லை. பிழைச்செய்தியை விளக்கச் சொல்வதற்கு நன்றாகவே உதவும். ஆனால் அதுவும் இல்லாத ஃபங்ஷனை இருப்பதாகச் சொல்லும், பழைய பதிப்புக்குரியதைக் கொடுக்கும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி டிவ் போட்டுவிட்டுப் போகும். வந்ததைக் கம்பைலரிடமும் கொடுங்கள், உங்களுக்கு விடை தெரிந்த ஒரு கணக்கையும் அதில் ஓட்டிப் பாருங்கள். பூஜ்யம், காலிப் பட்டியல், ஆயிரத்துக்குக் குறைவான எண்ணிக்கை ஆகியவற்றையும் மறக்காமல் போடுங்கள். அந்த மாணவி தன் நிரலில் 500 பீடியை மட்டும் போட்டுப் பார்த்தபோது பூஜ்யம் ரூபாய் வந்தது. அதைப் பார்த்ததும் நான் விளக்க வேண்டிய வேலையே மிச்சமில்லை.

உதவி செய்யும் அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒன்று. "இது எதுக்கு?" என்று கேட்காமல் திருத்தம் சொல்லாதீர்கள். முழு நிரலையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரமும் அதே பிள்ளை அதே இடத்தில் நிற்கும். வகை வரியை எழுத வைத்து, பிழையை வாய்விட்டு வாசிக்க வைத்தாலே போதும், பாதி வழி வந்துவிடுவார்கள்.

வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பெனி நிரலை ஏஐ-யிலோ நண்பரிடமோ அப்படியே ஒட்டிவிடாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எல்லாம் அமைப்புக் கோப்பில் இருக்கும். அவசரத்தில் அதுவும் சேர்ந்து போய்விடும். ஒரு முறை பாஸ்வேர்டு வெளியே போய்விட்டால் செய்தியை அழிப்பது போதாது, பாஸ்வேர்டையே மாற்றிவிட வேண்டும், அலுவலகத்திலும் சொல்லிவிட வேண்டும். அனுப்பும் முன் தகவல்களை எடுத்துவிட்டு, பொய்ப் பெயர்களையும் பொய் எண்களையும் போட்டு, அப்படி மாற்றிய பிறகும் அதே பிழை வருகிறதா என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.