ஸ்கிசோஃப்ரீனியா: மனப்பிளவா, மனச்சிதைவா?

பென்னாகரம், அரூர் பக்கம் இந்த மனநோயைக் ‘காத்து கருப்பு’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘புத்தி பேதலிச்சிருச்சு’ என்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் ஸ்கிசோஃப்ரீனியா என்று இருக்கும்.

இந்தச் சொல்லை 1908-இல் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். கிரேக்கத்தில் ‘ஸ்கிசெய்ன்’ என்றால் பிளத்தல், ‘ஃப்ரேன்’ என்றால் மனம். ஃப்ரேனுக்கு உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசை என்றும் பொருள் உண்டு. நம் ‘நெஞ்சு’ம் உடம்பையும் மனத்தையும் சேர்த்துத்தானே குறிக்கிறது! அதற்கு முன் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் இந்நோயை டிமென்ஷியா ப்ரேகாக்ஸ், அதாவது இளமையிலேயே வரும் அறிவுத்தேய்வு என்றார். எல்லாருக்கும் இளமையில் வருவதில்லை, எல்லாருக்கும் அறிவு தேய்வதுமில்லை என்பதால் பிளாய்லர் பெயரை மாற்றினார்.

அவர் பிளவு என்றது எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமல் போவதை. சினிமா அதை ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் என்று ஆக்கிவிட்டது. அது வேறு கோளாறு. அதனால் ‘மனப்பிளவு’ என்று நான் எழுதுவதில்லை.

நடப்பது இப்படித்தான். ஓசூர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பையன் லீவு போட்டுவிட்டு வீட்டில் முடங்குகிறான். அம்மா போட்ட சோற்றை மோந்து பார்த்துத் தள்ளி வைக்கிறான், விஷம் கலந்திருக்குமோ என்று. டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்கிறான். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, பதிலும் சொல்கிறான். குளிப்பதில்லை, சிரிப்பதில்லை. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். வீட்டில் முதல் வேலையாகத் தாயத்து கட்டுவார்கள், மாதங்கள் அதிலேயே போய்விடும்.

காரணம் ஒன்றல்ல. மரபணுவுக்குப் பெரிய பங்குண்டு, ஆனாலும் உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலும் போகிறது. மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு மாறுகிறது. சிறுவயதில் பட்ட கொடுமை, விடலைப் பருவத்தில் பிடித்த கஞ்சா ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை சொல்வது மட்டும் அபத்தம்.

தமிழில் நிலைத்துவிட்ட சொல் ‘மனச்சிதைவு’. சிதைவு என்றதும் இனி தேறாது என்று தோன்றும், அந்தக் குறை எனக்கும் உண்டு. மருந்தை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானியர்கள் தங்கள் மொழியில் ‘மனம் பிளந்த நோய்’ என்றிருந்த பெயரை 2002-இல் ‘ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்று மாற்றிக்கொண்டார்கள். நமக்கு அப்படி ஒன்று அமையும் வரை மனச்சிதைவே இருக்கட்டும். சரி, பெயரே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘பையனுக்குக் காதுல ஏதோ குரல் கேக்குதுங்க’ என்று அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.