நிபந்தனையா, பிணைப்பா?

காரைக்குடிப் பக்கம் 'கண்டிஷன்' என்ற சொல் மூன்று வேலை பார்க்கிறது. பழைய வண்டி விற்பவர் "கண்டிஷன் நல்லா இருக்கு" என்பார். வீடு வாடகைக்கு விடுபவர் "ரெண்டே ரெண்டு கண்டிஷன்" என்று விரல் நீட்டுவார். மகளை விடுதிக்கு அனுப்பும் தாய், "ஆறு மணிக்குள்ள உள்ள இருக்கணும்னு கண்டிஷனாச் சொல்லிட்டேன்" என்பாள். நிலைமை, விதிப்பு, கறார்.

பொருளியல் படிக்கும் என் பேத்தி போன வாரம் நான்காவதாக ஒன்றைக் கொண்டுவந்தாள். "ஐயா, கண்டிஷனாலிட்டிக்குத் தமிழ்ல என்ன போடலாம்?" ஒரு நாட்டை வணிக அமைப்பில் சேர்க்கும்போதோ, அதற்கு வரிச்சலுகை கொடுக்கும்போதோ, 'உன் மக்களை முதலில் ஒழுங்காக நடத்து' என்று கேட்கிறார்களே, அதற்குப் பெயர் அது. நிபந்தனை என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் வேரில் 'சேர்ந்து பேசுதல்' என்ற பொருள் இருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டது. நம்முடைய நிபந்தனையோ வடசொல். அதன் வேர் 'பந்த்', அதாவது கட்டுதல். பந்தம், பிரபந்தம், சம்பந்தம் எல்லாம் ஒரே குடும்பம். சம்பந்தியும் அதில் அடக்கம் என்பதைப் பெண் கொடுத்தவர்கள் கவனிக்கலாம்.

இதே வேரில் கிளைத்த இன்னொரு சொல் நம் கல்வெட்டுகளில் நிறைய வருகிறது: நிவந்தம். கோயிலுக்கு இன்ன காரியம் தடையில்லாமல் நடக்கட்டும் என்று நிலமோ பொன்னோ ஆடுமாடோ ஒதுக்கி வைப்பது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கணக்கு. ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டின் எண்ணிக்கை குறையவே கூடாது. அதனால்தான் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். கொடை உண்டு, ஆனால் அதனோடு கட்டிய கடமையும் உண்டு. விளக்கு எரியும்வரைதான் ஆடு உன்னுடையது.

இந்த இடத்தில்தான் நிபந்தனை என்ற ஒற்றைச் சொல் போதாமல் போகிறது. உறுப்பினராகச் சேர்வது வேறு, சலுகை பெறுவது வேறு. செட்டிநாட்டில் இதை விளக்குவது எளிது. நகரத்தாரில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அவர் தம் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் வரும் உறுப்பினர். புள்ளி வரி கட்ட வேண்டும். வீட்டு வேலைக்காரருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தாரா என்பதற்குப் புள்ளிக் கணக்கில் பத்தி கிடையாது.

உலக வணிக அமைப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1995இல் தொடங்கிய அந்த அமைப்பின் ஒப்பந்தத்தில் 12ஆவது பிரிவு, புதிதாகச் சேரும் நாடு 'ஒத்துக்கொள்ளப்படும் விதிகளின்படி' சேரலாம் என்கிறது. லத்தீன் வேர் சொல்வதுபோலவே உட்கார்ந்து பேசுவதுதான். பேசுவது சுங்கவரி, மானியம், சந்தைத் திறப்பு. மனித உரிமை என்று தனி வரி அதில் இல்லை. சிறைக் கைதிகள் செய்த பொருளை ஒரு நாடு தடுக்கலாம் என்று அந்த அமைப்புக்கு முன்னோடியான 1947ஆம் ஆண்டு 'காட்' (GATT) வணிக ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது, அவ்வளவுதான். தொழிலாளர் உரிமையைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது, அது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வேலை என்று 1996இல் சிங்கப்பூர் மாநாட்டில் சொல்லிவிட்டார்கள்.

பர்மாவைப் பாருங்கள். எங்கள் பெரியவர்கள் 'கொண்டுவிக்க', அதாவது வணிகம் செய்யப் போன சீமை. இன்றைக்கும் எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் தூண் அங்கிருந்து வந்த தேக்கு. 1948 முதல் 'காட்' ஒப்பந்தத்தில் இருந்த அந்த நாடு, ராணுவ ஆட்சியில் இருந்தபோதே 1995இல் உலக வணிக அமைப்பின் உறுப்பினரானது. கட்டாய உழைப்பைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் வரிச்சலுகையைத்தான் நிறுத்தியது. 2013இல் திருப்பிக் கொடுத்தது. நிவந்தம் போனது, வந்தது. புள்ளி அப்படியே இருந்தது.

இலங்கைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஜி.எஸ்.பி. பிளஸ்ஸும், அதாவது வளரும் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் சிறப்பு வரிச்சலுகையும், நிவந்தமேதான். 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தினால் பெரும்பாலான பொருள்களுக்கு ஐரோப்பாவில் சுங்கவரி இல்லை. சித்திரவதைத் தடுப்பு உள்ளிட்ட மூன்று உடன்படிக்கைகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010இல் இலங்கையிடமிருந்து அதைப் பறித்தார்கள். 2017இல் திரும்பக் கிடைத்தது. இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. சலுகை போனால் முதலில் அடிபடுவது தையல் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள். சித்திரவதை செய்தவனுக்கு ஐரோப்பியச் சுங்கவரி ஒரு பொருட்டா? அப்புறம், சலுகையே இல்லாவிட்டால் கொழும்பில் யாரும் அந்த உடன்படிக்கைகளைப் புரட்டியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

அமெரிக்கா வேறு வழி வைத்திருந்தது. குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிச நாடுகளுக்கு வழக்கமான வரி விகிதம் கிடையாது என்று 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஜாக்சன்–வானிக் திருத்தத்தைச் சேர்த்தது. சோவியத் யூதர்கள் வெளியேற வழி திறப்பதே குறி. அந்தச் சட்டம் நின்றிருந்ததால், 2012 ஆகஸ்டில் ரஷ்யா உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோது, தனக்கும் ரஷ்யாவுக்கும் இடையே ஒப்பந்தம் செல்லாது என்று அமெரிக்கா ஒதுங்கி நின்றது. டிசம்பரில்தான் அது நீங்கியது. ஒரே கோயில் புள்ளிதான், ஆனால் அவர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பதுபோல. சீனாவின் வரிச்சலுகையை மனித உரிமை முன்னேற்றத்தோடு 1993இல் கட்டிய கிளின்டன், மறு வருடமே கட்டை அவிழ்த்துவிட்டார். 2001 டிசம்பரில் சீனா உள்ளே வந்துவிட்டது.

சரி, இந்தக் கட்டுக்கு என்ன பெயர்? நான் சொன்னது 'பிணைப்பு'. பிணை, பிணையல் என்று நல்ல தமிழ்க் குடும்பம். களத்தில் மாடுகளைப் பிணையல் கட்டி, அறுத்த கதிரை மிதிக்க விடுவார்கள். ஒன்று நின்றால் மற்றதும் நிற்க வேண்டியதுதான். வணிகத்தையும் உரிமையையும் அப்படிக் கட்டுவதை 'உரிமைப் பிணைப்பு' எனலாம். சேரும்போது பேசிக்கொள்வது நிபந்தனையாகவே இருக்கட்டும். பழகிய சொல்லைத் துரத்த வேண்டாம். கடமையோடு வரும் சலுகைக்கு நிவந்தம் என்பேன், வடசொல்லானாலும்.

"பிணைன்னா ஜாமீன்னு நினைப்பாங்களே ஐயா?" என்றாள் பேத்தி. நினைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது, அதிலும் ஒருவர் நடத்தைக்கு இன்னொன்றைத்தானே ஈடு கட்டுகிறோம் என்றேன். கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டாள். தலைப்பில் பிணைப்பு இருக்கிறது. உள்ளே எண்ணிப் பார்த்தேன், பதினொரு இடத்தில் நிபந்தனை.