ராகப்பிரதான்: சொல்லும் பொருளும்

வங்காளப் பாடகர் பீஷ்மதேவ் சட்டோபாத்யாயைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோர் முதலில் தயங்கும் இடம், அவர் பாடிய வங்கமொழிப் பாடல்களின் வகைப்பெயராகிய ‘ராகப்பிரதான்’ என்னும் சொல்லாகும். ‘செவ்வியல் இசை’ என்று பெயர்த்தால் வட இந்தியச் செவ்வியல் பாட்டு வடிவங்களாகிய கயாலும் துருபதும் நினைவுக்கு வரும். ‘மெல்லிசை’ என்றாலோ அப்பாடல்களின் உயிர்நிலையே விடுபட்டுப்போகும்.

ராகம், பிரதானம் என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை இது. வங்காளியர் நாவில் ‘ராக்ப்ரொதான்’ என ஒலிக்கும். ராகம் என்பது, நிறமேற்றுதல், மகிழ்வித்தல் என்னும் பொருள்களையுடைய ‘ரஞ்ச்’ என்ற வேரிலிருந்து பிறந்தது. பிரதானம் என்பது முதன்மை. தமிழிலும் நெடுங்காலமாகப் புழங்குவது. இவ்வகையின் இயல்பைத் தீர்மானிப்பது இப்பின்சொல்லே. ராகம் தலைமை ஏற்கிறது, ஆனால் அது தனித்து நிற்கவில்லை. கவிதையாகப் படிக்கத்தக்க வரிகளும் அதனுடன் வருகின்றன. வங்கமொழியில் ‘ராகாஸ்ரயி’ என்று இன்னொரு சொல் உண்டு. அது ராகத்தைச் சார்ந்து நிற்கும் பாட்டு, அதாவது ராகத்தின் சாயலைப் பெற்று, வேண்டிய இடத்தில் அதைவிட்டு விலகவும் உரிமையுள்ள பாட்டு. ராகப்பிரதானில் அவ்வுரிமை மிகக் குறைவு.

ராகமும் வங்கமொழியும் இணைந்தது புதிதன்று. ‘நிது பாபு’ எனப்படும் ராம்நிதி குப்தர் (1741–1839) ‘டப்பா’ என்னும் வட இந்தியப் பாட்டு வடிவத்தை வங்கமொழியில் அமைத்தார். வங்காளத்து ஊராகிய விஷ்ணுபூர் துருபதுக்கு ஓர் உறைவிடமாக இருந்தது. எனினும் ராகப்பிரதான் என்பது தனிவகையாக நிலைபெற்றது 1930களில், கல்கத்தாவின் வானொலியும் இசைத்தட்டும் வளர்ந்த காலத்தில்தான். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். கயால் பாடகர் இரண்டு மூன்று வரிகளை வைத்துக்கொண்டு நெடுநேரம் ராகத்தை விரிப்பார். அந்த விரிவுக்குத் தட்டில் இடமில்லாததால், ஆலாபனையின் சாரத்தை மெட்டுக்குள்ளேயே அடக்கி, ‘தான்’ எனப்படும் விரைவான சுரக்கோவைகளைக் குறுக்கி வரிகளுக்கிடையே பொருத்தும் முறை வளர்ந்தது.

அம்முறையில் ஞானேந்திர பிரசாத் கோஸ்வாமியும் தாராபத சக்கரவர்த்தியும் பெரும்பெயர் பெற்றவர்கள். ஆயினும் சொல்லின் பொருளை விளங்கிக்கொள்ள பீஷ்மதேவையே கேட்கவேண்டும் என்பது என் கருத்து. 1909இல் பிறந்த அவர், சாரங்கிக் கலைஞர் பாதல் கானிடம் கயால் பயின்றவர்; மெகாபோன் இசைத்தட்டு நிறுவனத்தில் பிறருக்குப் பாட்டுப் பயிற்றியவர்; திரையிசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனுக்கும் ஆசிரியர். ‘பூக்களின் நாள் முடிந்துவிட்டது’ என்று பொருள்படும் வரியோடு தொடங்கும் அவருடைய புகழ்பெற்ற பாடலில், குரல் எவ்வளவு விரைந்து சுழன்றாலும் வரியின் ஏக்கம் சிதைவதில்லை. புகழின் உச்சியில், 1940இல், அவர் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சென்று சில ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். பின்னர் கல்கத்தாவுக்குத் திரும்பி மீண்டும் பாடினார் என்றாலும், அந்த இடைவெளி வங்க இசைக்கு நேர்ந்த பேரிழப்பு என்றே நான் கருதுகிறேன். 1977இல் அவர் மறைந்தார்.

இனித் தமிழ்ச்சொல். ‘இராகமுதன்மைப் பாடல்’ என்பது பிழையற்றது. ஆனால் ‘ராகம்’ என்ற வடசொல்லை அப்படியே விட்டுவிடுவதால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ‘பண்முதன்மைப் பாட்டு’ என்பதே பொருத்தமானது. பண் என்றால் தேவாரப் பண் என்றே இக்காலத்தார் கொள்வர் என்றும், ஏழு சுரமுடையதே பண், குறைந்தது திறம் என்னும் பழைய பாகுபாடு குழம்பும் என்றும் தடை எழலாம். ஆனால் பொதுவழக்கில் பண் இரண்டையும் தழுவியே வந்திருக்கிறது. பிங்கலம் என்னும் நிகண்டு முதலிய நூல்கள் கூறும் 103 பண்களில் திறங்களும் அடங்கும். மேலும், “பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல்” (குறள் 573) என்ற இடத்தில், பாட்டோடு இயைந்து நிற்கவேண்டிய ஒன்றாகவே அச்சொல் ஆளப்படுகிறது. ‘பிரதானம்’ உணர்த்தும் உறவும் அதுவே. ராகாஸ்ரயியைப் ‘பண்சார் பாட்டு’ எனலாம். கட்டுரைகளில் முதன்முறை வருமிடத்தில் மட்டும் ‘ராகப்பிரதான் எனப்படும் பண்முதன்மைப் பாட்டு’ என்று எழுதி, அடுத்து வருமிடங்களில் தமிழ்ச்சொல்லையே ஆளலாம்.